குதிரை ஹெர்பிஸ்: வைரஸின் மரபணு நோயை எவ்வளவு தீவிரமாக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை வைத்திருப்பவர்கள், கால்நடை மருத்துவம் படிப்பவர்கள், ஸ்பெயினின் வாலென்சியாவில் 2021-ல் இந்த நோய் பரவிய செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டவர்கள் என்று பலரிடமிருந்து வந்த கேள்விகள் இவை. எங்கே தொடங்கினாலும் முக்கால்வாசி பேர் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: லேப் ரிப்போர்ட்டில் வைரஸின் வகையைக் காட்டும் அந்த ஒரு எழுத்தை எவ்வளவு நம்பலாம்? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

குதிரைக்கும் ஹெர்பிஸ் வருமா? மனுஷனுக்கு வர்றதும் இதுவும் ஒண்ணா?

வரும். குடும்பம் ஒன்று, வைரஸ் வேறு. நமக்கு உதட்டோரத்தில் கொப்புளம் போடும் வைரஸும் சின்னம்மை வைரஸும் இதே ஹெர்பிஸ் குடும்பம்தான். குதிரை, கழுதை வகைகளில் காணப்படும் ஹெர்பிஸ் வைரஸ்களுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். அதிகம் தொல்லை தருபவை 1, 4 என்ற இரண்டும். இந்தப் பக்கம் முக்கியமாக 1-ஐப் பற்றியது. ஆங்கிலச் சுருக்கத்தில் இ.எச்.வி-1 என்பார்கள்.

அமெரிக்காவின் கெண்டக்கியில் சினைக் குதிரைகள் கூட்டமாகக் கரு கலைந்ததற்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று 1930களின் தொடக்கத்தில் டிமாக், எட்வர்ட்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். வாதம் வந்து கால் செயலிழந்த குதிரையிலிருந்து அதே வைரஸை 1966-ல் நார்வேயில் பிரித்தெடுத்தார்கள். சளி, கருச்சிதைவு, வாதம் என்ற மூன்று முகங்களும் ஒரே வைரஸுக்கு உண்டு என்பது அதன்பிறகுதான் தெளிவானது.

குதிரையைத் தொட்டுப் பராமரிக்கிற எனக்கு ஒட்டுமா?

உங்களுக்கு நோய் வராது. ஆனால் உங்கள் கை, சட்டை, தண்ணீர் வாளி வழியாக அடுத்த குதிரைக்குப் போகும். அதனால் காய்ச்சல் குதிரையைக் கடைசியில் கவனியுங்கள், அதற்கென்று தனி வாளி வையுங்கள்.

ஒரே வைரஸ்தானே, ஒரு குதிரை சளியோட தப்பிக்குது, இன்னொன்னு ஏன் எழுந்திரிக்கவே மாட்டேங்குது?

வைரஸ் முதலில் மூக்கு, தொண்டையின் உள்தோலில் பெருகும். பல குதிரைகளில் கதை அங்கேயே முடிந்துவிடும்: காய்ச்சல், மூக்கு ஒழுகல், சில நாள் சோர்வு. மற்றவற்றில் அது நிணநீர் முடிச்சுகளுக்குப் போய், வெள்ளணுக்களுக்குள் ஏறிக்கொண்டு ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். அணுவுக்குள் மறைந்து போவதால் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதை எளிதில் தொட முடியாது.

அந்த வெள்ளணுக்கள் சிறு ரத்தக் குழாய்களின் உட்சுவருக்கு வைரஸைக் கைமாற்றிவிடும். குழாய் அழலும், ரத்தம் உறைந்து அடைக்கும், அந்தக் குழாயை நம்பியிருந்த திசு ரத்தம் கிடைக்காமல் சாகும். இது கருப்பையில் நடந்தால் கரு கலையும். தண்டுவடத்தில் நடந்தால் வாதம். மனிதருக்கு வரும் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலில் வைரஸ் நரம்பணுவையே தின்னும். குதிரையில் அடி விழுவது பெரும்பாலும் ரத்தக் குழாயில். பின்னால் வரும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாதம் பெரும்பாலும் காய்ச்சல் தணிந்து, அப்பாடா என்று நாம் மூச்சு விடும் நேரத்தில்தான் வரும். பின்னங்கால் குளம்பின் முனை தரையில் உரசும். வட்டமாகத் திருப்பினால் பின்பகுதி ஒரு பக்கம் தள்ளாடும். வாலைத் தூக்கினால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இருக்கும். சிறுநீர்ப்பை செயலிழந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுவதால் பின்னங்கால்களின் உள்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். இன்னும் முற்றினால் குதிரை நாய் உட்காருவது போல உட்காரும். படுத்துவிட்டால் பிழைப்பது கடினம்.

வைரஸுக்கும் மரபணு இருக்கா? எத்தனை?

இ.எச்.வி-1-இன் டி.என்.ஏ. ஏறத்தாழ 1,50,000 எழுத்து நீளம். அதில் 76 வெவ்வேறு மரபணுக்கள். 1992-ல் முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்டது ஏ.பி.4 என்ற வகை. அது நரம்புப் பாதிப்பு வந்த குதிரையிலிருந்து எடுத்தது. ஆய்வுக் கட்டுரைகளில் மரபணுக்களை ஓ.ஆர்.எஃப். 1, ஓ.ஆர்.எஃப். 30 என்று எண் போட்டு எழுதுவார்கள். இங்கே சுருக்கமாக 1-ஆம் மரபணு, 30-ஆம் மரபணு என்றே சொல்கிறேன்.

'நியூரோ ஸ்ட்ரெய்ன்'னு டாக்டர் சொல்றாரே, அது என்ன?

30-ஆம் மரபணு, வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் என்ற நொதியைச் செய்கிறது. அந்த மரபணுவின் 2254-ஆவது எழுத்து சில வைரஸ்களில் 'ஏ', சிலவற்றில் 'ஜி'. 'ஏ' இருந்தால் நொதியின் 752-ஆவது இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) உட்காரும். 'ஜி' இருந்தால் அங்கே அஸ்பார்டிக் அமிலம் வரும். அமினோ அமிலங்களின் ஒற்றையெழுத்துக் குறிப்படி முதலாவதை என்752 என்றும் இரண்டாவதை டி752 என்றும் எழுதுவார்கள். டாக்டர் சொல்லும் நியூரோ ஸ்ட்ரெய்ன் இந்த டி752.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் உள்ள ஆய்வாளர்கள், மேலே சொன்ன ஏ.பி.4-ஐயும் கருச்சிதைவு பரவிய இடத்தில் கிடைத்த வி592 என்ற வகையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசங்களைப் பல நாடுகளில் சேகரித்த மாதிரிகளோடு வைத்துப் பார்த்தபோது, நரம்பு நோயோடு பளிச்சென்று ஒட்டி வந்தது இந்த ஓர் எழுத்து. 2006-ல் இது வெளியானது.

சேர்ந்து வந்தா அதுதான் காரணம்னு ஆயிடுமா?

ஆகாது. நல்ல கேள்வி, மாணவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். அதை நிரூபிக்க வைரஸின் முழு டி.என்.ஏ.வையும் பாக்டீரியாவுக்குள் வைத்து, வேறு எதையும் தொடாமல் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றினார்கள். 2007-ல் வெளியான ஆய்வில் டி752 வைரஸை என்752 ஆக்கி, இரண்டையும் தனித்தனிக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள். மாற்றிய வைரஸ் கொடுத்த குதிரைகளுக்கு நரம்புக் கோளாறு வரவில்லை, ரத்தத்தில் வைரஸும் குறைந்தது. அப்புறம் எதிர்த்திசையிலும் செய்து பார்த்தார்கள். கருச்சிதைவு வகை வைரஸில் டி752-ஐ நுழைத்ததும் அது கடுமையான நரம்பு நோயை உண்டாக்கியது. 2009-ல் அந்த ஆய்வு வந்தது.

எடுத்தால் போகிறது, வைத்தால் வருகிறது. மரபணு ஆராய்ச்சியில் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அபூர்வம். குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

ஒரே ஒரு எழுத்து மாறினா வைரஸ் அப்படி என்ன வித்தியாசமா பண்ணிடுது?

மூக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. சளி, காய்ச்சல் இரண்டிலும் வரும். ரத்தத்தில்தான் வேறுபாடு. டி752 வைரஸ் வெள்ளணுக்களில் அதிக அளவில் பெருகுகிறது. ரத்தத்தில் வைரஸ் அதிகமாக, அதிக நாள் சுற்றினால் தண்டுவடக் குழாய்களுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு கூடும். மூன்றாவது கேள்விக்குச் சொன்ன வழியில் இந்த எழுத்து எந்த இடத்தில் கை வைக்கிறது என்பது இதிலிருந்தே புரியும்.

நொதியின் குணமும் மாறுகிறது. அஃபிடிகோலின் என்ற பொருள் பாலிமரேஸை முடக்கும். என்752 வைரஸ் அதற்கு எளிதில் அடங்கும், டி752 அவ்வளவு சுலபமாக அடங்காது. இது சிகிச்சை மருந்து கிடையாது, ஆய்வகத்தில் சோதிக்கப் பயன்படும் பொருள். யாரும் மருந்துக் கடையில் கேட்க வேண்டாம்.

அப்போ மீதி 75 மரபணுவுக்கும் வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. பேர் மட்டும் 30-க்குப் போய்விட்டது. வைரஸின் மேலுறையில் இருக்கும் கிளைக்கோபுரதம் (சர்க்கரை ஒட்டிய புரதம்) 'டி' எந்த அணுவுக்குள் நுழையலாம் என்பதை முடிவு செய்கிறது. (டி752-இல் வரும் 'டி'க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர் வைத்தவர்களைத்தான் நோக வேண்டும்.) கிளைக்கோபுரதம் 'ஜி', காவல் அணுக்களை அழைக்கும் வேதிச் சைகைகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 1-ஆம் மரபணுவின் புரதம், 'நான் வைரஸ் தொற்றிய அணு' என்று வெளியே காட்டும் மூலக்கூறுகளை அணுவின் மேற்பரப்பிலிருந்து அகற்றுகிறது. 1, 2 இரண்டு மரபணுக்களையும் வெட்டிய வைரஸைக் கொடுத்தபோது குதிரைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது.

'ஈ', 'ஐ' என்ற இரண்டு கிளைக்கோபுரதங்கள் வைரஸ் ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்கு நேராகத் தாவ உதவுகின்றன. ஆய்வகத்தில் நெடுங்காலம் வளர்த்து வீரியம் இழந்த கே.ஒய்.ஏ. என்ற வகையில் இவை இரண்டும் இல்லை. இப்படிப் பார்த்தால் நோயின் தீவிரம் பல மரபணுக்களின் கூட்டு வேலை. இயற்கையில் உலவும் வைரஸ்களுக்கு இடையே அடிக்கடி மாறுபட்டுக் காணப்பட்டு, விளைவும் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று என்பதால் 30-ஆம் மரபணு பிரபலமாகிவிட்டது.

ரிப்போர்ட்ல 68-னு ஒரு மரபணுவும் போட்டிருந்தாங்க. அதுவும் ஆபத்தா?

இல்லை. 68-ஆம் மரபணுவில் உள்ள மாற்றங்களை வைத்து வைரஸ்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்த வைரஸ் எந்தப் பகுதியில் சுற்றுகிறது என்று பார்த்தார்கள். குழு எண்ணைப் பார்த்து நோய் கடுமையாகுமா என்று ஊகிக்க வேண்டாம்.

இ.எச்.வி-4-ம் கிட்டத்தட்ட அதே மாதிரிதானே இருக்கு, அது ஏன் வாதம் கொடுக்கிறதில்லை?

நெருங்கிய சொந்தம்தான். அதற்கும் 76 மரபணு, வரிசைகூட அதே. 1981 வரை இரண்டையும் ஒரே வைரஸின் உட்பிரிவுகள் என்றே நினைத்தார்கள். ஆனால் 4 பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு நின்றுவிடுகிறது. வெள்ளணுக்களில் ஏறி ஊர்சுற்றும் திறமை அதற்கு மிகக் குறைவு. கருச்சிதைவும் வாதமும் எப்போதாவது வரலாம், அபூர்வம்.

காரணத்தில் ஒரு பகுதி முன்பு சொன்ன கிளைக்கோபுரதம் 'டி'. 4-ஆம் வைரஸில் 1-இன் 'டி'யைப் பொருத்தியதும், முன்பு நுழைய முடியாத அணுக்களுக்குள்ளும் அது நுழைந்தது. கிளைக்கோபுரதம் 'ஜி' இரண்டிலும் இருந்தாலும், சைகைகளைப் பிடிக்கும் வேலையை 1-இல் இருப்பது மட்டுமே செய்கிறது. மரபணுப் பட்டியல் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்க குதிரைக்கு 'என்752'னு ரிசல்ட் வந்திருக்கு. இனி நிம்மதியா இருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். 'நியூரோ இல்லையாம், சாதாரணம்தானாம்' என்று தடுப்பு ஏற்பாட்டைத் தளர்த்தியவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சலே வந்திருக்கிறது.

2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வாலென்சியாவில், பல வாரம் நடக்கும் தாண்டுதல் போட்டிக்காகப் பல நாட்டுக் குதிரைகள் தற்காலிகக் கொட்டில்களில் நெருக்கமாகத் தங்கியிருந்தன. இ.எச்.வி-1 பரவியது. வீடு திரும்பிய குதிரைகள் வழியாக மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் போனது. மொத்தம் 18 குதிரைகள் இறந்தன. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஏப்ரல் 11 வரை போட்டிகளை நிறுத்தியது. அந்த வைரஸை ஆராய்ந்தபோது அது என்752. நியூரோ இல்லை என்று ஓரங்கட்டப்படும் அதே வகை.

நரம்பு நோய் வந்த குதிரைகளில் பெரும்பகுதி டி752 வகையோடு வந்தாலும், என்752 வகையோடு வருவதும் எப்போதும் ஒரு கணிசமான பங்கு இருந்துகொண்டே இருக்கிறது. அந்த எழுத்து ஆபத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும். ஆபத்தே இல்லை என்று எந்த எழுத்தும் சொல்லாது.

சரி, 'டி752' வந்துட்டா வாதம் நிச்சயமா?

அதுவும் இல்லை. கெண்டக்கியில் பல பத்தாண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த கருச்சிதைவு மாதிரிகளைத் திரும்பச் சோதித்தபோது, அவற்றிலும் ஒரு பங்கு டி752 இருந்தது. வாதமே இல்லாமல் கரு மட்டும் கலைந்த குதிரைகள் அவை. இது நேற்று முளைத்த புது வைரஸ் இல்லை என்பதும் அதிலிருந்தே தெரியும்.

வைரஸ் வெறியோடு பரவினாலும் எல்லாக் குதிரையும் விழுவதில்லை. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஃபிண்ட்லே பல்கலைக்கழகத்துக் குதிரைப் பயிற்சி நிலையத்தில் இது பரவியது. 135 குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காய்ச்சல் வந்தது. நரம்புக் கோளாறு வந்தவை 46. இறந்தவையும் கருணைக்கொலை செய்யப்பட்டவையும் சேர்த்து 12.

ஒரே லாயம், ஒரே வைரஸ், ஒரே எழுத்து. கிழட்டுக் குதிரைக்கு மட்டும் ஏன்?

இங்கே பதில் வைரஸின் மரபணுவில் இல்லை, குதிரையிடம் இருக்கிறது. ஆய்வுக்காகத் தொற்று கொடுத்தபோதும் 20 வயது தாண்டிய பெட்டைக் குதிரைகளுக்கு வாதம் அதிகமாக வந்தது. குட்டிகளுக்கு அபூர்வம். ஏற்கெனவே பலமுறை தொற்று கண்ட உடம்பின் எதிர்ப்பு வினையும், வயதான ரத்தக் குழாய்களும் இதில் பங்கு வகிக்கலாம் என்பது மருத்துவர்களின் ஊகம்.

இன்னொரு விஷயம். ஹெர்பிஸ் குடும்பத்துக்கே உரிய வழக்கப்படி இந்த வைரஸும் ஒருமுறை நுழைந்தால் போகாது. நிணநீர் அணுக்களிலும் முகத்து நரம்பு முடிச்சிலும் உறங்கும். நெடும்பயணம், நோய், இடமாற்றம், குட்டியைப் பிரிப்பது போன்ற நெருக்கடிகளில் விழித்துக்கொள்ளும். புதுக் குதிரை எதுவும் வராத லாயத்திலும் திடீரென்று நோய் வருவது இப்படித்தான்.

தடுப்பூசி போட்டா எல்லா வகைக்கும் ஆகாதா?

தடுப்பூசி என்752, டி752 என்று பேதம் பார்ப்பதில்லை. மூக்கிலிருந்து வைரஸ் வெளியேறுவதைக் குறைக்கும், கருச்சிதைவையும் குறைக்கும். செயலிழந்த வைரஸ் ஊசியைச் சினைக் குதிரைக்கு 5, 7, 9-ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். நம் நாட்டில் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையமும் இப்படி ஒரு செயலிழந்த வைரஸ் தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. ஆனால் வாதத்தைத் தடுக்கும் என்று எந்தத் தடுப்பூசியும் உறுதி தருவதில்லை. வைரஸ் வெள்ளணுவுக்குள் மறைந்து போவதை நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசியும் உண்டு. அதில் பயன்படும் ராக்-எச் என்ற வகை, பன்றியின் சிறுநீரக அணுக்களில் 256 முறை மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டது. அந்த வளர்ப்பில் 67-ஆம் மரபணுவின் இரண்டு பிரதிகளும் சிதைந்தன. அந்த மரபணுவைத் திரும்பப் பொருத்தியபோது எலிகளில் வீரியமும் திரும்பியது. 30-ஆம் மரபணுவுக்கு வெளியேயும் தீவிரத்தைத் தீர்மானிக்கும் இடங்கள் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மனுஷனுக்குக் கொடுக்கிற ஹெர்பிஸ் மாத்திரையையே கொடுத்தா என்ன?

அசைக்ளோவிரை வாய்வழி கொடுத்தால் குதிரையின் குடல் மிகக் கொஞ்சம்தான் உறிஞ்சும். வாலசைக்ளோவிர் உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறுவது, அது ஓரளவு நன்றாக ஏறும். வைரஸின் நொதி ஒன்று இந்த மருந்தைத் தூண்டிவிட, கடைசியில் அது முடக்குவது 30-ஆம் மரபணு செய்யும் அதே பாலிமரேஸை. காய்ச்சல் கட்டத்திலேயே தொடங்கினால் ரத்தத்தில் வைரஸ் குறையும். கால் விழுந்தபிறகு கொடுத்தால் பலன் சொற்பம், அடைத்துப்போன குழாயை அது திறக்காது. அளவையும் நாளையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வைரஸ் இன்னும் மாறுமா? வேற மிருகத்துக்குத் தாவுமா?

இரண்டுக்கும் ஆம். 2018-ல் பிரான்ஸில் பரவிய ஒரு வைரஸில் அதே 2254-ஆவது இடத்தில் 'ஏ'யும் இல்லை, 'ஜி'யும் இல்லை, 'சி' இருந்தது. நொதியில் ஹிஸ்டிடின் வந்து எச்752 ஆனது. பின்னர் அமெரிக்காவிலும் இது தென்பட்டது. 'ஏ'யா 'ஜி'யா என்று மட்டும் பார்க்கும் பழைய பரிசோதனைக்கு இது சங்கடம்.

தாவியதற்கு விசித்திரமான உதாரணம் ஜெர்மனியின் வூப்பர்டால் விலங்குக் காட்சிசாலை. 2010-ல் யெர்கா என்ற பனிக்கரடி மூளை அழற்சியில் இறந்தது. அதன் உடலில் கிடைத்தது வரிக்குதிரை வழி வந்த இ.எச்.வி-1. அதற்குள் இ.எச்.வி-9-இன் துண்டு ஒன்று கலந்திருந்தது. எந்த இடத்தில் தெரியுமா? அதே 30-ஆம் மரபணுவில்.

வகை தெரியுறதுக்கு எதை எடுத்து அனுப்பணும்? ரிசல்ட் வர்ற வரைக்கும் என்ன செய்யணும்?

மூக்குத் துடைப்பு மாதிரி ஒன்று, உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் ஒன்று. இரண்டும் வேண்டும். ஒன்றில் தப்பும் வைரஸ் மற்றதில் அகப்படும். காய்ச்சல் இருக்கும்போதே எடுப்பது நல்லது. பி.சி.ஆர். சோதனை முதலில் வைரஸ் இருக்கிறதா என்று சொல்லும், எந்த வகை என்பதை அடுத்த கட்டத்தில் சொல்லும்.

ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். குதிரையைத் தனியாகக் கட்டுங்கள். லாயத்தில் உள்ள எல்லாக் குதிரைக்கும் தினம் இரண்டு வேளை காய்ச்சல் பாருங்கள், 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் சந்தேகப்படுங்கள். காய்ச்சலைக் குறைக்கும் மருந்து கொடுத்திருந்தால் அளவு ஏமாற்றும், அதனால் பார்த்த பிறகே மருந்து. கடைசிக் குதிரைக்கு அறிகுறி நின்றதிலிருந்து 21 முதல் 28 நாள் வரை உள்ளே வருவதும் வெளியே போவதும் கூடாது. ரிப்போர்ட்டில் 'என்' வந்தாலும் 'டி' வந்தாலும் 'எச்' வந்தாலும் இந்த நாள் கணக்கில் ஒரு நாள்கூடக் குறையாது.